ஆம்புலன்ஸில் நோயாளி: வேகம் எவ்வளவு, நிதானம் எவ்வளவு?

வேடசந்தூருக்கு அருகே, கரூரிலிருந்து மதுரை செல்லும் நாற்கரச் சாலையில், மாலை ஆறரை மணி அளவில் ஒரு மோட்டார் சைக்கிள் லாரியில் உரசிக் கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டி வந்த இளைஞர் சாலையோரத்தில் கிடக்கிறார். நினைவு இருக்கிறது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இடது தொடை வீங்கிக்கொண்டே போகிறது. ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் சோடா உடைத்து முகத்தில் தெளிப்பார். மற்றொருவர் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் தண்ணீர் ஊற்றுவார். இன்னும் இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, அவ்வழியே வரும் ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து, "சீக்கிரம் போப்பா, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு விடு" என்பார்கள்.

இந்த நால்வருடைய எண்ணத்திலும் குறையில்லை. ஆனால் நால்வரில் மூவர் அந்த இளைஞருக்குத் தீங்கு செய்திருக்கக்கூடும். சோடா தெளித்தவர் மட்டுமே தீங்கும் செய்யவில்லை, பயனும் செய்யவில்லை!

அடிபட்டவரைத் தூக்குவதும் ஏற்றுவதும் கொண்டு செல்வதும் ஒரு சுமை கூலி வேலை அன்று. அது சிகிச்சையின் முதற் பகுதி. மருத்துவமனையில் மருத்துவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், வழியில் கெட்டுப்போனதை எல்லாம் அவரால் திருப்பித் தர முடியாது. ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது உடலியலும், பள்ளியில் நாம் படித்த இயற்பியலும் போதும்.

தொடைக்குள் ஒளியும் இரத்தம்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. இதில் அரை லிட்டருக்கும் சற்று மேல் குறையும் வரை உடல் சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேல் நாடி விரைவாகும், தோல் வெளுத்துச் சில்லிடும், தாகம் எடுக்கும். ஒன்றரை லிட்டரை நெருங்கினால் இரத்த அழுத்தம் வீழத் தொடங்கும். மருத்துவர்கள் 'அதிர்ச்சி நிலை' என்று கூறுவது இதைத்தான். மனத்தில் ஏற்படும் அதிர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொடையெலும்பு முறிந்தால், வெளியே ஒரு துளி கூடச் சிந்தாமல், 1 முதல் 1½ லிட்டர் வரை இரத்தம் தொடைக்குள்ளேயே கசிந்து தேங்கிவிடக்கூடும். வேடிக்கை பார்ப்பவர்கள் "நல்ல வேளை, இரத்தக் காயம் இல்லை" என்று ஆறுதல் கொள்வார்கள். உண்மையில் அவர் உடலின் இரத்தத்தில் கால் பங்கு ஓட்டத்திலிருந்து விலகிப் போயிருக்கும்.

இங்கே ஓர் அழகான வடிவியல் இருக்கிறது. முறிந்த எலும்பைச் சுற்றியுள்ள வலிய தசைகள் இழுத்துச் சுருங்குவதால், நீண்ட உருளையாக இருந்த தொடை குட்டையாகிப் பந்து போல் பருக்கிறது. ஒரே அளவு மேற்பரப்புள்ள உருவங்களில் மிக அதிகக் கொள்ளளவு உடையது கோளம் என்று கணக்கில் படித்திருக்கிறோம் அல்லவா? பந்து போல் பருத்த தொடைக்குள் இரத்தம் தேங்க அதிக இடம் கிடைக்கிறது. காலை மெல்ல நீட்டி இழுத்துப் பிணைத்துவிட்டால் தொடை மீண்டும் உருளையாகிறது, இடம் குறைகிறது, உள்ளிருக்கும் அழுத்தம் கூடிக் கசிவு மட்டுப்படுகிறது. முறிந்த எலும்பின் கூர்முனை ஒவ்வொரு குலுக்கலிலும் தசையையும் இரத்தக் குழாயையும் கிழிப்பதும் நின்றுபோகிறது.

இது வெறும் கொள்கை அன்று. பிரிட்டனில் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹ்யூ ஓவன் தாமஸ் என்னும் எலும்பு மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இரும்புச் சட்டத்தாலான சிம்பு ஒன்றை அமைத்திருந்தார். அவருடைய உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் அதை முதல் உலகப் போரில் புகுத்தினார். போரின் தொடக்கத்தில் தொடையில் குண்டடிபட்டு எலும்பு முறிந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் வரை இறந்ததாக அக்கால இராணுவ மருத்துவர்கள் எழுதினார்கள். காயம்பட்ட இடத்திலேயே, தூக்குவதற்கு முன்பே, தாமஸ் சிம்பைக் கட்டத் தொடங்கிய பின் 1917-இல் அது நூற்றுக்கு 16 என்ற அளவுக்கு இறங்கியதாகக் கணக்குக் காட்டினார்கள். இந்த எண்களின் துல்லியத்தைப் பற்றிப் பின்னாளில் விவாதங்கள் எழுந்ததுண்டு. ஆனால் 'முதலில் கட்டு, பிறகு தூக்கு' என்ற விதியை எவரும் மறுக்கவில்லை.

நம் வேடசந்தூர் இளைஞருக்கு இரும்புச் சிம்பு எங்கே போவது? ஆம்புலன்ஸில் சிம்பு இருக்கும். அது வரும் வரை அசையாமல் படுக்க வைத்திருப்பதே சிறந்தது. ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை என்றால், அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்து, நடுவே ஒரு மடித்த துண்டை வைத்து, நான்கு இடங்களில் துணியால் கட்டிவிடலாம். நல்ல கால் சிம்பாகப் பயன்படும். இரத்தம் வெளியே பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும்.

ஒன்று கூற மறந்துவிடக் கூடாது. இரத்தம் இழந்தவரைப் போர்த்திக் கொண்டு செல்ல வேண்டும். திண்டுக்கல் வெயிலில் போர்வையா என்று கேட்கலாம். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் குறைகிறது. சித்திரை மாதத்திலும் அதிர்ச்சி நிலையிலுள்ளவரின் உடல் சில்லிடும்.

தண்ணீர் ஊற்றியவரின் செயலுக்கு வருவோம். நினைவு மங்கியவருக்கு விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். வாயில் ஊற்றிய நீர் உணவுக்குழலுக்குப் பதில் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நினைவோடு இருப்பவராயினும், சற்று நேரத்தில் அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து பெறப்போகிறவர் என்றால், வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகும் ஆபத்து உண்டு. ஆகவே உதட்டை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சுண்டுவிரல் பருமனுள்ள கயிறு

கழுத்திலுள்ள தண்டுவடம் ஏறத்தாழ நம் சுண்டுவிரல் பருமனே இருக்கும். மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் கட்டளைகள் எல்லாம் இதன் வழியாகத்தான் செல்கின்றன. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து கிளைத்து வருகிறது. கழுத்தெலும்பு முறிந்து, ஆனால் தண்டுவடம் இன்னும் அறுபடாமல் இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தலையை ஒருவர் உயர்த்துகிறார். தோளை ஒருவர் இழுக்கிறார். ஆட்டோவின் குறுகிய இருக்கையில் தலை மார்பின்மீது தொங்குகிறது. கைகால்களை அசைக்கக் கூடியவராக விழுந்தவர், அசைக்க முடியாதவராக இறங்க நேரலாம்.

ஆகவே தலை, கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையைப் புரட்டுவது போல் ஒரே சமயத்தில் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். இதற்கு நான்கு பேர் தேவை. தலையைப் பிடிப்பவரே தலைவர். அவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொன்ன பிறகே மற்ற மூவரும் அசைய வேண்டும். ஆம்புலன்ஸ் பணியாளர்கள் இதைப் பலமுறை பயின்றவர்கள். பொதுமக்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தலைமாட்டில் மண்டியிட்டு அமர்ந்து, இரு கைகளாலும் தலையின் இரு பக்கத்தையும் பிடித்து, "அசையாதீங்க தம்பி, வண்டி வந்துகிட்டு இருக்கு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதே. ஹெல்மெட்டைத் தனியொருவர் பிடுங்கி எடுக்கவே கூடாது. மூச்சுக்குத் தடையாக இருந்து எடுத்தே தீரவேண்டுமானால், ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டை அகட்டி மெல்ல உருவ வேண்டும்.

தீப்பிடிக்கும் வண்டி, வெள்ளம், ஓடும் லாரிகளுக்கு நடுவில் கிடப்பது போன்ற நிலைகளில் இந்த விதிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அக்குளில் கை கொடுத்து நேராக இழுத்து அப்புறப்படுத்த வேண்டியதுதான். அதே போல், நினைவிழந்தவர் வாந்தி எடுத்தால், கழுத்தைத் தாங்கியபடி ஒருக்களித்துத் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. உயிர் போகும் வழி மூச்சு. கழுத்து அதற்கு அடுத்ததே.

கட்டிலைச் சாய்க்கும் பிரேக்

இனி நம் இளைஞர் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டுவிட்டார். வழக்கமாக நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கமும் கால் பின்கதவுப் பக்கமும் இருக்கும். இப்போது இயற்பியல் வேலை செய்யத் தொடங்குகிறது.

பஸ்ஸில் நிற்கும்போது திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். நிலைமத்தின் விளைவு இது. படுத்திருப்பவர் சாய்வதில்லை. ஆனால் அவருடைய இரத்த நாளங்களில் இருக்கும் நீர்மமான இரத்தம் முன்பக்கம், அதாவது தலைப்பக்கம் ஓட முயல்கிறது. எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வேகம் குறையும்படி பிரேக் போடுகிறார் என்று கொள்வோம். இது சாதாரண பிரேக்தான். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. மூன்றை 9.8-ஆல் வகுத்தால் சுமார் 0.31. இந்த டேன்ஜெண்ட் மதிப்புக்குரிய கோணம் 17 பாகை. அதாவது, அந்தச் சில வினாடிகளுக்குக் கட்டிலின் தலைமாட்டை 17 பாகை கீழே சாய்த்ததற்குச் சமம்! 'சடன் பிரேக்' என்று நாம் சொல்வதில் இந்த எண் 7 வரை போகும். அப்போது சாய்வு சுமார் 35 பாகை.

தலையில் அடிபட்டவருக்கு இது நல்லதன்று. மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே வீக்கமோ இரத்தக் கட்டோ இருக்கையில் மேலும் இரத்தம் தலையில் தேங்கினால் மூளையின்மீது அழுத்தம் கூடும். அதனால்தான் தலைக்காயக்காரரைத் தலைமாட்டைச் சுமார் 30 பாகை உயர்த்திக் கொண்டு செல்கிறார்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும் ஆம்புலன்ஸில் இதற்கு இரட்டைத் தேவை உண்டு. மலைச்சரிவின் சாய்வும் வளைவுக்கு வளைவு போடும் பிரேக்கும் ஒரே திசையில், தலையை நோக்கியே, சேர்ந்துகொள்கின்றன. இதற்கு நேர்மாறாக, வண்டி வெடுக்கென்று கிளம்பினால் இரத்தம் காலை நோக்கி ஒதுங்கும். இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலையிலிருப்பவருக்கு இது கெடுதல். ஆகவே நல்ல ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அவருடைய வேகத்தைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. அவருடைய காலைக் கொண்டு மதிப்பிட வேண்டும். கிளம்புவதும் நிற்பதும் தெரியாமல் ஓட்டுபவரே கெட்டிக்காரர்.

வளைவுகளின் கதையும் இதுவே. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ள நோயாளியை ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும். வேகத்தை 20 ஆகப் பாதியாகக் குறைத்தால் அந்த விசை பாதியாகாது; கால் பங்காகிவிடும். ஸ்ட்ரெட்சரில் மார்பு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் பட்டை கட்டுவது இதற்காகத்தான். தோள்பட்டைகளும் வேண்டும், மோதல் நேர்ந்தால் நோயாளி தலைப்பக்கமாக வழுக்கிச் செல்வாரே! உடன் வரும் உறவினர் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு வருபவர், பிரேக் போட்டதும், நோயாளியின் மேலேயே விழுகிறார்.

குலுங்காத வண்டி வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. நெப்போலியனின் படையில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே. 1792-இல் இவர் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களை உடனே அப்புறப்படுத்த 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்ற ஏற்பாட்டை வகுத்தார். பெயரில் பறந்தாலும் அது குதிரை வண்டிதான். அடியில் வில் பொருத்தி, உள்ளே மெத்தை விரித்திருந்தார். அதுவரை சண்டை ஓய்ந்த பிறகே காயம்பட்டவர்களைத் தேடுவார்கள். வேகமும் வில்லும் இரண்டும் வேண்டும் என்று கண்டவர் லாரே.

ஏழு நிமிடக் கணக்கு

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் சுமார் 20 கி.மீ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றால் 20 நிமிடம். மணிக்கு 90 கி.மீ. என்றால் 13 நிமிடம் 20 வினாடி. மிச்சம் ஏழு நிமிடத்திற்கும் குறைவு. இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைப்பதாகக் கொண்டால், 60 கி.மீ. வேக வண்டி பிரேக் பிடித்த பின் 28 மீட்டரில் நிற்கும். 90 கி.மீ. வேக வண்டி நிற்க 62 மீட்டருக்கு மேல் வேண்டும். நாற்கரச் சாலையைக் குறுக்கே கடக்கும் ஆடுகளுக்கும், எதிர்த்திசையில் வரும் சைக்கிள்காரருக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

சைரன் ஒலியோடு செல்வதால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து கிரீன்வில் நகரில் அளந்து பார்த்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி மிச்சம் 43.5 வினாடி! நம் ஊர் நெரிசலில் இது கூடுதலாக இருக்கலாம்தான். ஆயினும் உயிர் போகும் நேரம் சாலையில் செலவாவதைவிட, சாலைக்கு முன்னும் பின்னும் செலவாகிறது என்பதே என் கருத்து. யார் போன் செய்வது என்று கூட்டம் தயங்குவதில் ஐந்து நிமிடம். இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் ஐந்து நிமிடம். தேவையான வசதி இல்லாத மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து திரும்புவதில் முக்கால் மணி நேரம்.

தமிழ்நாட்டில் 108 இலவச ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. நாம் அழைத்தால் பேசுபவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார். அவருக்கு 'செல்லாண்டியம்மன் கோயில் பக்கத்துல' என்றால் விளங்காது. எந்த நெடுஞ்சாலை, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில், மதுரை நோக்கிச் செல்லும் பக்கமா கரூர் நோக்கிச் செல்லும் பக்கமா, கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா, இவற்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாவிட்டால், நடுவில் தடுப்புள்ள சாலையில் வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டு, திரும்பும் இடம் தேடி மேலும் சில கிலோமீட்டர் ஓட நேரும்.

மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றால்

திண்டுக்கல் வட்டாரத்துக் குடும்பங்கள் அஞ்சும் வாக்கியம் ஒன்று உண்டு. "இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்பதே அது. 2022 ஜனவரி 12 அன்று திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின் இந்த மாவட்டத்திலேயே பல சிகிச்சைகளுக்கு வழி பிறந்திருக்கிறது. ஆயினும் மேல்சிகிச்சைக்கு மதுரை இராசாசி மருத்துவமனைக்குச் செல்பவர்கள் இன்றும் உண்டு. சுமார் 65 கி.மீ.; ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி வரை ஆகும். இந்தப் பயணம் சாலையோரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் பயணத்தைவிட வேறுபட்டது. இங்கே அவசரப்பட்டு ஏற்றுவதில் பொருளில்லை. மூச்சு வழி உறுதியாகி, இரத்தப்போக்கு கட்டுப்பட்டு, ஊசி வழியே திரவம் ஏறத் தொடங்கிய பிறகே வண்டி கிளம்ப வேண்டும். மதுரையில் படுக்கை உண்டா, அந்தத் துறை மருத்துவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கேன் படமும், கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய சீட்டும் நோயாளியோடு செல்ல வேண்டும்.

வண்டியிலுள்ள ஆக்சிஜன் போதுமா? பாயில் விதியைப் படித்த மாணவர் எவரும் இதைக் கணக்கிடலாம். ஆம்புலன்ஸில் பயன்படும் சிறிய 'பி' வகை உருளையின் கொள்ளளவு 10 லிட்டர். அதில் ஏறத்தாழ 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் அடைக்கப்பட்டிருக்கும். வெளியே வந்தால் அது 1500 லிட்டர். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் 150 நிமிடம் வரும். அளவுமானி பாதியைக் காட்டினால் 75 நிமிடம். மதுரைக்கு 75 நிமிடம்தானே, சரியாக இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. வழியில் நெரிசல், ஒரு பஞ்சர், மருத்துவமனை வாசலில் காத்திருப்பு எல்லாம் உண்டு. பயண நேரத்தைப் போல் இரு மடங்கு வாயு கையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம்.

சொட்டு மருந்துப் பாட்டிலிலும் ஒரு பாடம் இருக்கிறது. நோயாளியை வார்டிலிருந்து வண்டிக்கு மாற்றும்போது, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் பாட்டிலை அவர் மார்பின்மேல் வைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டில் கையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, 100 செ.மீ. நீர்த்தம்பத்தின் அழுத்தம் திரவத்தைச் சிரைக்குள் தள்ளுகிறது. சிரையின் எதிர் அழுத்தம் ஏறத்தாழ 10 செ.மீ. அளவே. பாட்டில் கையின் மட்டத்துக்கு இறங்கியதும் தள்ளும் அழுத்தம் மறைந்துவிடுகிறது, சிரை வெல்கிறது, இரத்தம் குழாயில் பின்னோக்கி ஏறி உறைந்து அடைத்துக்கொள்கிறது. மீண்டும் ஊசி குத்த வேண்டும். அதிர்ச்சி நிலையிலிருப்பவருக்குச் சிரை கிடைப்பதே அரிது. உயர்த்திப் பிடிக்க ஒரு உறவினரை நிறுத்தினாலே இது தவிர்ந்துவிடும்.

பூத்தோட்டத்திலிருந்து

நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறிக்க விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குகிறார்கள். பாம்புக்கடி அங்கே கதையன்று. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம், கட்டுவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மாற்று மருந்து இந்தியாவில் கிடைக்கிறது. ஆகவே பாம்பை அடித்து எடுத்துவர நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. நஞ்சின் பெரும் பகுதி நிணநீர் நாளங்களின் வழியே பரவுகிறது. இந்த நாளங்களுக்கு இதயம் போன்ற பம்பு கிடையாது. அருகிலுள்ள தசைகள் சுருங்கி விரியும்போதுதான் நிணநீர் நகரும். கடிபட்டவர் ஓடினாலோ, நடந்தாலோ தானே பம்பை இயக்குகிறார் என்று பொருள். கடிபட்ட கை அல்லது காலைச் சிம்பு வைத்து அசையாமல் செய்து, நடக்க விடாமல் தூக்கி வர வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டுவதும் கீறி விடுவதும் தீமையே செய்யும்; விரியன் கடியில் வீங்கும் உறுப்பு கயிற்றின் இறுக்கத்தில் அழுகிவிடக்கூடும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை மட்டும் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும்.

ஆம்புலன்ஸ் நுழைய முடியாத வரப்புப் பாதையில் என்ன செய்வது? தென்கிழக்கு நேபாளத்தில் டமக் என்ற பகுதியில் இதற்கு எளிய விடை கண்டார்கள். பாம்பு கடித்தவரை மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்ந்து தாங்குபவருக்கும் நடுவில் உட்கார வைத்து, மாற்று மருந்துள்ள நிலையத்துக்கு விரைந்து கொண்டு சேர்க்கத் தொண்டர்களை அமைத்தார்கள். மக்களுக்கு விளக்கமும் அளித்தார்கள். கடிபட்டவர்களில் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 10.5-லிருந்து 0.5 ஆகக் குறைந்தது. முதுகெலும்பு முறிந்தவரைக் கொண்டு செல்லவே கூடாத அதே மோட்டார் சைக்கிள், பாம்பு கடித்தவருக்கு ஆம்புலன்ஸாகிறது! எந்த நோயாளி, என்ன ஆபத்து என்று பார்த்தே வண்டியையும் வேகத்தையும் முடிவு செய்ய வேண்டும். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் மட்டும், மூச்சுத் தசைகள் வழியிலேயே செயலிழக்கலாம். இமை சரிவதும் பேச்சு குழறுவதும் அதன் முன்னறிகுறிகள். அப்போது கையால் அமுக்கிச் சுவாசம் கொடுக்கும் பையும், அதைக் கையாளத் தெரிந்தவரும் உள்ள வண்டியே வேண்டும்.

இதயம் நின்றுவிட்டவரின் கதை வேறு. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையை அழிக்கிறது. விழுந்த இடத்திலேயே, உறுதியான தரையில், மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் இதை ஒழுங்காகச் செய்வது மிகக் கடினம். மருத்துவமனையை நோயாளியிடம் கொண்டு செல்வது என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. 1966-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்டிரிட்ஜ் என்ற மருத்துவர், கார் பேட்டரியில் இயங்கும் மின்னதிர்வுக் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். அதன் எடை சுமார் 70 கிலோ! இன்று அது ஒரு டிபன் கேரியர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாந்து படுக்க வைத்துக் கொண்டு செல்லக் கூடாது. முதுகெலும்பின் வலப்பக்கமாக ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையைக் கனத்த கருப்பை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கோ பெரிய பகை குளிர். எடையுடன் ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு நம்முடையதைவிடப் பல மடங்கு அதிகம். வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். வெப்பப் பெட்டி பொருத்திய தனி ஆம்புலன்ஸ்கள் தமிழ்நாட்டில் உள்ளன. அது வரத் தாமதமானால், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவர்கள் 1978-இல் கண்ட வழி இருக்கிறது: தாயின் மார்போடு தோலோடு தோலாகக் குழந்தையை அணைத்து, மேலே துணி சுற்றி, தலைக்குக் குல்லாய் போட்டுக் கொண்டு செல்வது. கங்காரு முறை என்று பெயர். இதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

போலீஸ், கோர்ட்டு என்ற அச்சம்

அடிபட்டவரைத் தொடாமல் விலகிச் செல்வோரில் பெரும்பாலோர் கல்நெஞ்சர்கள் அல்லர். சாட்சி சொல்ல அலைய நேருமே என்று அஞ்சுபவர்கள். சட்டம் இப்போது அவர்கள் பக்கம் இருக்கிறது. அவசர நோயாளிக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை பிறகே என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. உதவியவர்களைத் தொல்லை செய்யாதிருப்பதற்கான நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று அதே நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது. பெயரைத் தர அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதே திருத்தம், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்குத் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை.

ஆகவே வேடசந்தூர் இளைஞரின் தலைமாட்டில் மண்டியிட்டு அமர்ந்திருந்தவர், ஆம்புலன்ஸ் பணியாளரிடம் இரண்டே செய்திகளைச் சொன்னால் போதும்: எத்தனை மணிக்கு விழுந்தார், இடையில் நினைவு தவறியதா? பிறகு அவர் தம் வழியே செல்லலாம்.